ஷைலஜா டீச்சர்: ஜெயித்தது வகுப்பறையா, கட்சியா?

மலைச்சாரல்:
"வாத்தியார் வேலை பார்த்தவங்க சட்டசபைக்குப் போய் என்ன செஞ்சாங்க?" என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். கே.கே. ஷைலஜாவைப் பாருங்கள். கேரளாவில் கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். 1996-ல் கூத்துப்பறம்பு எம்எல்ஏ, 2006-ல் பேராவூர், 2016-ல் மறுபடி கூத்துப்பறம்பில் ஜெயித்து கேரள சுகாதார அமைச்சர் ஆனார். 2018 மே மாதம் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஜனங்கள் பீதியில் இருந்தார்கள். முதலில் இறந்தவர்கள் வீட்டுக் கிணற்றில் வௌவால் இருந்ததாம், யாருக்குத்தான் பயம் வராது? அந்த ஊருக்கே நேரில் போய், நோய் எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று பொறுமையாகப் புரியவைத்தார். அது வகுப்பெடுத்த பழக்கம்.

கணக்கப்பிள்ளை:
பிம்பத்தை ஊதிப் பெருக்காதீர்கள். நிபாவை அடக்கியது கேரளா பல காலமாகக் கட்டி வைத்த ஆரம்ப சுகாதார நிலையங்களும், தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்த ஊழியர்களும். 17 பேர் இறந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட பேராம்பிரா நர்ஸ் லினி உயிரையே கொடுத்தார். பெயர் மட்டும் அமைச்சருக்கா? கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், ஒரு பிபிஇ கிட்டை (மருத்துவ ஊழியர்களின் பாதுகாப்பு உடை) 1,550 ரூபாய்க்கு வாங்கினார்கள். அதிக விலைக்கு வாங்கியதில் 10.23 கோடி ரூபாய் கூடுதல் செலவு என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை 2025 ஜனவரியில் சொன்னது. டீச்சர் என்பதால் கணக்கு கேட்கக் கூடாதா?

பொன்னி:
தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அந்த மாதம் உலகம் முழுக்கக் கிட்டுக்குத் தட்டுப்பாடு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30-ல் திருச்சூரில் உறுதியானார். அதற்கு முன்பே சீனாவின் வூகானில் நோய் பரவும் செய்தியைப் பார்த்து ஷைலஜாவின் துறை தயாராகத் தொடங்கிவிட்டது. மக்களும் அவரை 2021-ல் மட்டன்னூரில் 60,963 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். அப்படிப்பட்டவரை அவருடைய மார்க்சிஸ்ட் கட்சி புது அமைச்சரவையில் சேர்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்கப்பிள்ளை:
முதல்வரைத் தவிர மார்க்சிஸ்ட் அமைச்சர்கள் எல்லோரும் புதுமுகம் என்று முடிவெடுத்தார்கள், அவருக்கு மட்டும் விலக்கு எதற்கு? சொந்தச் செல்வாக்கு அவ்வளவு பெரிது என்றால் 2024-ல் வடகரை மக்களவைத் தொகுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் ஏன் பின்தங்கினார்? இன்னொன்று. எம்எல்ஏ ஆன பிறகும் ஆசிரியர் வேலையைக் கையில் வைத்திருந்தார், 2004-ல்தான் விருப்ப ஓய்வு. எம்எல்ஏவாக இருந்த அந்தக் காலத்தில் அவர் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் பாடம் நடத்தினார்கள்? எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளி ஆசிரியர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது சும்மா இல்லை.

மலைச்சாரல்:
விடுப்பில் போகும் ஆசிரியருக்குப் பதில் ஆள் போடுவது அரசின் வேலை, அதற்காக வாசலையே அடைக்கலாமா? வேலையை விட்டால்தான் நிற்கலாம் என்றால், தோற்றால் சோற்றுக்கு வழி தேட வேண்டாதவர்கள் மட்டுமே நிற்பார்கள். மாதச் சம்பளத்தில் வீடு நடத்தும் டீச்சர் எந்தத் தைரியத்தில் வேட்புமனு கொடுப்பார், சொல்லுங்கள்.