மறு: ஃபால்பேக் – ‘பின்னடைவு’ வேண்டாம், ‘கைகாவல்’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். நம் இணைய வானொலிக் கையேட்டில், ஓடுகிற ஒலி அறுந்தால் மென்பொருள் தானாக அடுத்த ஒலிக்குப் போகிற ‘ஃபால்பேக்’குக்குத் தமிழ்ச்சொல் தேடுகிற இழை இது.

> ஃபால்பேக்குக்குப் ‘பின்னடைவு’ என்றே வைத்துவிடலாமே. நான் போட்டுப் பார்த்த மொழிபெயர்ப்புக் கருவி அதைத்தான் தருகிறது.

பேராவூரணித் தம்பி, கருவி தருவதுதான் சிக்கலே. ஓட்டு எண்ணுகிற நாளில் ‘ஆளுங்கட்சி வேட்பாளர் பின்னடைவு’ என்று கேட்டுப் பழகிய காது நம்முடையது. நம் வானொலியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் சிவப்பெழுத்தில் ‘பின்னடைவு இயங்குகிறது’ என்று வந்தால், ராத்திரிப் பணியில் இருக்கிற பிள்ளை பதறிப்போய் எல்லோருக்கும் ஃபோன் போடும். ஆனால் நடந்திருப்பது நல்ல காரியம்: நேரலை அறுந்தது, மென்பொருள் தானாக அடுத்த ஒலிக்குப் போனது, கேட்பவருக்கு எதுவும் நிற்கவில்லை. நல்லபடியாக வேலை செய்ததற்குத் தோற்றுப்போன பேரை வைக்கலாமா?

சொல்லைப் பிடிப்பதற்கு முன்னால் அந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், இங்கே பாதிப் பேர் ரேடியோ பக்கம், மீதிப் பேர் தமிழ்ப் பக்கம். நாம் நடத்துவது இணைய வானொலி. தனியாள் கேட்டால் எஃப்.எம். உரிமம் கிடைக்காது, சமுதாய வானொலி உரிமத்தையும் அரசு 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும்தான் திறந்துவிட்டது. அதனால் ஒரு பழைய மேசைக் கணினி, அதில் லினக்ஸ், நிகழ்ச்சியை ஓட்ட லிக்விட்சோப், கேட்பவர்களுக்கு அனுப்ப வெளியே வாடகைச் சேவையகத்தில் ஐஸ்காஸ்ட், அவ்வளவுதான் நிலையம். லிக்விட்சோப்புக்கு எல்லாமே ‘மூலம்’. நேரலை ஒரு மூலம், அன்றைய நிகழ்ச்சி நிரல் ஒரு மூலம், பாட்டுக் கோப்புறை ஒரு மூலம். ஃபால்பேக் கட்டளைக்குள் இவற்றை வரிசையாக எழுதிவிட்டால், முதலாவது கிடைக்கிற வரை அது ஓடும்; கிடைக்காவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. மேலே இருப்பது திரும்பி வந்தால் மறுபடி அதற்கே போய்விடும்.

இந்தத் ‘திரும்பிப் போவது’ முக்கியம். நீடாமங்கலம் பக்கத்து நண்பர்கள் ஒரு கோயில் வீதியுலாவைச் செல்பேசி வழியாக நேரலை செய்தார்கள். மல்லாரி முடிந்து ராகம் எடுத்து நாதஸ்வரம் சூடு பிடித்த நேரம், கூட்டமே ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்ததும் சிக்னல் போய்விட்டது. மென்பொருள் சொன்னபடி கேட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசையில் அடுத்ததற்குத் தாவியது. அடுத்ததாக இருந்ததோ குருத்துப்பூச்சிக் கட்டுப்பாடு. தோடி பாதியில் நிற்க, ‘அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே’ என்று ஒரு கனத்த குரல்! சிக்னல் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் நேரலை உள்ளே வரவில்லை, பேச்சு முடிந்த பிறகுதான் வந்தது. காரணம், ஃபால்பேக்குக்குள் ‘டிராக் சென்சிடிவ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நாம் தொடாமல் விட்டால் அது இயக்கத்தில்தான் இருக்கும். ஓடுகிற உருப்படி முடிந்த பிறகே மேலே இருப்பதற்குப் போகும். பாட்டுக்குப் பாட்டு மாறுகிற இடத்தில் அது மரியாதையான பழக்கம். நேரலை இருக்கிற வரிசையில் மட்டும் அதை அணைத்துவிட வேண்டும், அப்போதுதான் நேரலை வந்த நொடியே உள்ளே நுழையும்.

ஆக நமக்கு வேண்டிய சொல் மூன்றைச் சொல்ல வேண்டும்: நாமே முன்கூட்டி எடுத்து வைத்தது, ஆபத்துக்கு மட்டும் தொடுவது, தொட்ட பிறகு பழையபடி திரும்பி வருவது. இதை வைத்துக்கொண்டு இழையில் வந்த சொற்களைப் பார்க்கலாம்.

‘நிரப்பி’ என்று திருவாரூர் ஐயா சொன்னார். நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு உரியது. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்டே வளர்ந்த வீடுகள் இங்கே ஏராளம். உரைச்சித்திரம் இரண்டு நிமிடம் முன்னதாக முடிந்தால், அடுத்த நிகழ்ச்சியின் நேரம் வரும் வரை வீணையோ புல்லாங்குழலோ ஓடுமே, அதுதான் நிரப்பி. அங்கே எதுவும் கெடவில்லை, நேரம் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று சொல்லிவிட்டு ஓடுவதுதான் நாம் தேடுவது. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தால், நிரல் எழுதுகிறவர் இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டுவிடுவார். வேண்டாம்.

‘காப்பு’ சரிவராது, காப்புநகல் ஏற்கெனவே இருக்கிறது, ‘காப்பு எடுத்தாச்சா?’ என்று கேட்டால் வன்தட்டைத்தான் தேடுவார்கள். ‘பதிலி’யைக் கணினி வலைப்பின்னல்காரர்கள் பிராக்ஸிக்கு (நமக்காக இடையில் நின்று இணையத்தோடு பேசுகிற கணினிக்கு) எடுத்துக்கொண்டு நெடுநாள் ஆகிறது. ‘மாற்று’ பெயராகவும் வினையாகவும் நிற்கும், அதுதான் ஆபத்து. திரையில் ‘மாற்று’ என்று எழுதியிருந்தால் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள், அழுத்துவார்கள்.

‘மடைமாற்று’ பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், மன்னார்குடி அக்கா அதற்காக நிறைய வாதாடியிருக்கிறார்கள். டெல்டாக்காரர்கள் எதை எடுத்தாலும் மடை, மதகு, வாய்க்கால் என்றுதான் போய் நிற்போம், எனக்கும் ஆசை விடவில்லை. ஆனால் மடையை மாற்றுவதற்கு மண்வெட்டியோடு ஓர் ஆள் வரப்பில் நிற்க வேண்டும். நம் மென்பொருளின் பெருமையே ஆளில்லாமல் நடப்பதுதான். அதோடு ‘நிதியை மடைமாற்றினார்கள்’ என்று செய்தித்தாளில் அடிக்கடி படித்துப் படித்து அந்தச் சொல்லில் ஒரு திருட்டு வாடையும் ஏறிவிட்டது. இருந்தாலும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். அதற்கு வேறு இடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

என் பரிந்துரை: கைகாவல்.

புதிதாக எதையும் செய்யவில்லை. ‘கைகாவலா ஒரு ஐந்நூறு ரூபா வச்சுக்க’ என்று சொல்லித்தான் இன்னும் வெளியூர் அனுப்புகிறார்கள். விதைத்தது போக ஒரு மூட்டை விதைநெல் கைகாவலாக இருக்கட்டும் என்பார்கள், மழையில் நாற்றங்கால் அழுகினால் மறுபடி விட வேண்டுமே. நான் கேட்ட மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இன்னொரு லாபமும் உண்டு: தன்னார்வலர்களுக்கு அந்தக் கோப்புறையில் என்ன போட வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிக்கொடுத்துவிடும். கைகாவலுக்கு வைக்கிற பணத்தில் நகை வாங்கப் போக மாட்டோம். அந்தக் கோப்புறையில் பூச்சிக் கட்டுப்பாடும் தேர்வு அறிவிப்பும் போகாது. எந்த வேளையில், எந்த நிகழ்ச்சி அறுந்து வந்தாலும் ஒட்டிக்கொள்கிற வாத்திய இசைதான் போகும்.

வாக்கியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ‘நேரலை அறுந்தது, கைகாவலுக்குப் போயிற்று.’ ‘இப்போது கைகாவலில் ஓடுகிறது.’ ‘கைகாவலிலிருந்து திரும்பியது.’ வரிசை முழுவதற்கும் கைகாவல் வரிசை. அதில் முதல் கைகாவல், இரண்டாம் கைகாவல், கடைசிக் கைகாவல்.

அந்தக் கடைசி உருப்படியோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் இப்போதே முடித்துவிடலாம். லிக்விட்சோப் ஒரு விஷயத்தில் பிடிவாதம். வெளியே அனுப்புகிற மூலம் எப்போதாவது இல்லாமல் போகக்கூடும் என்று அதற்குச் சந்தேகம் வந்தால், இது ‘ஃபாலிபிள்’ என்று சொல்லித் தொடங்கவே மறுத்துவிடும். பட்டியல் காலியாகலாம், இணைப்பு அறுபடலாம், அதனால் அவை அந்த வகை. கணினியிலேயே இருக்கிற ஒற்றைக் கோப்பைத் தொடங்கும்போதே திறந்து பார்த்து வைத்துக்கொள்வதால் அது மட்டும் அந்த வகையில் சேராது. அதை வரிசையின் கடைசியில் வைத்தால் மென்பொருள் சமாதானமாகிவிடும். ‘தவறக்கூடிய மூலம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். மழை பொய்த்தது என்று சொல்கிற ஊரில் அது எதற்கு? பொய்க்கும் மூலம், பொய்யா மூலம், இரண்டே போதும். ‘பொய்யா மூலம் இல்லாமல் நிலையம் தொடங்காது’ என்று பிழைச்செய்தி வந்தால் புரியாதவர் யார்?

அப்புறம் ஐஸ்காஸ்ட். அங்கேயும் ஃபால்பேக் மவுண்ட் என்று ஒன்று இருக்கிறது (மவுண்ட் என்பது கேட்பவர்கள் வந்து இணைகிற ஓடை), இதுவும் அதுவும் ஒன்றல்ல. லிக்விட்சோப்பில் ஒலி மாறுகிறது, கேட்பவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். நம் கணினியே படுத்துவிட்டால் (ஐப்பசி கார்த்திகையில் அது படுக்கத்தான் செய்யும், இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?) எங்கோ வாடகைக்கு இருக்கிற ஐஸ்காஸ்ட், கேட்பவர்களை அப்படியே இன்னொரு ஓடைக்குத் தள்ளிவிடுகிறது. ‘ஃபால்பேக் ஓவர்ரைடு’ போட்டிருந்தால், நாம் திரும்பி வந்ததும் அவர்களையும் திரும்பக் கொண்டுவருகிறது. அந்த மாற்று ஓடை அதே வடிவத்தில் இருக்க வேண்டும். இது எம்பி3 என்றால் அதுவும் எம்பி3. இங்கே உண்மையிலேயே ஓட்டம் வேறு வாய்க்காலுக்குத் திரும்புகிறது, ஆகவே அக்காவின் மடைமாற்று இதற்குத்தான் பொருத்தம். திருட்டு வாடை பற்றி நானே சொன்னேன், தெரியும். கேட்பவர் கண்ணில் படாத, அமைப்புக் கோப்பிலேயே கிடக்கிற சொல் என்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

‘டெட் ஏர்’ பற்றி: ‘செத்த காற்று’ என்று எழுதியவரை மன்னித்துவிடலாம். அலை போகிறது, ஒலி இல்லை என்பதால் ‘வெற்றலை’ என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்தது, ஆனால் தட்டச்சில் ஓர் இகரம் கூடிவிட்டால் வெற்றிலை ஆகிவிடும், கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வம்பு வேண்டாம். ‘ஒலியறல்’ என்று கையேட்டில் இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். சொல் எதுவானாலும் இதைக் கவனியுங்கள்: நேரலைக்காரர் இணைப்பில் இருந்துகொண்டே மைக்கை மட்டும் அணைத்துவிட்டால், மென்பொருளைப் பொறுத்தவரை மூலம் இருக்கிறது, கைகாவலுக்குப் போகாது. ‘பிளாங்க் ஸ்ட்ரிப்’ என்பதை நேரலைக்கு மேல் சுற்றினால்தான், இத்தனை நொடி ஒலி இல்லாவிட்டால் மூலம் இல்லை என்று கணக்கு வைக்கும். நொடியை மிகவும் குறைத்துவிடாதீர்கள். வித்வான் ஆலாபனையில் மூச்சு வாங்குகிற இடத்தில் கச்சேரியை வெட்டிவிடும்.

ரிவெண்டெல் (நிகழ்ச்சிகளை நேரப்படி தானாக ஓட்டுகிற வானொலி மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் கேட்டிருந்த மூன்று சொற்களும் சுருக்கமாக: ஒரு மணி நேரத்துக்கான கிளாக்குக்கு மணிச்சட்டம், வாரத்தின் 168 மணிக்கும் எந்தச் சட்டம் என்று நிரப்புகிற கிரிட்டுக்கு வாரக்கட்டம், அதிலிருந்து ஒரு நாளைக்குப் பிறக்கிற லாக்குக்கு நாள்நிரல். ‘பதிவேடு’ என்று மட்டும் வைக்காதீர்கள், அங்கே லாக் என்பது நடந்ததன் குறிப்பல்ல, ஓட வேண்டியதன் பட்டியல்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து

---

தம்பிக்கு,

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ஐயம். ஒன்று, கைக்குட்டை, கைக்குழந்தை என்று வல்லினம் மிகும்போது இது மட்டும் எப்படிக் ‘கைகாவல்’? இரண்டு, யாழ்ப்பாணத்து நண்பர்கள் இந்தக் கையேட்டை எடுத்துப் பயன்படுத்தப் போவதாகச் சொன்னார்களே, அவர்களுக்கு இது புரியுமா? வேதாரண்யத்துக் கரையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் நான், தமிழ் ஒலிபரப்பில் அவர்களைக் கேட்காமல் நாமாக ஒரு சொல்லை வைப்பது எனக்கு அவ்வளவாக உவக்கவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

முதல் ஐயத்துக்கு இலக்கணப்படி என்னிடம் வலுவான பதில் இல்லை. வாயில் வருவது கைகாவல், க் போட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. போட்டால் பிழை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கையேடு, திரை, உதவிக் குறிப்பு மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடும்போது பாதி கிடைக்காது. ஒற்றில்லாமலே வைப்போம்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதுதான் சரி. அவர்களுக்குத் தனி மடல் போட்டிருக்கிறேன். அங்கே வேறு வழக்கு இருந்து, அது இதைவிடத் துல்லியமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், எனக்குப் பிடிவாதம் இல்லை. பின்னடைவு மட்டும் வேண்டாம்.

மன்னார்குடி அக்கா, ஐஸ்காஸ்ட் பகுதியை மடைமாற்று போட்டு நீங்களே ஒரு தடவை திருத்தி அனுப்பிவிடுங்கள். பேராவூரணித் தம்பி, கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அந்தச் சிவப்பு எழுத்தை மஞ்சளாக்கிவிடு. கடைசிக் கைகாவலுக்கு அரை மணி நேர வீணையோ புல்லாங்குழலோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், வீட்டில் வாசித்துப் பதிந்ததாக இருந்தாலும் சரி. சொந்தப் பதிவாக மட்டும் இருக்க வேண்டும், உரிமைச் சிக்கல் வந்தால் சமாளிக்க நம்மிடம் ஆள் இல்லை.