"புதுப்பித்த நிலையில் உள்ளது" என்கிறது அப்பாவின் போன். கடைசி பேட்ச் 2021

பொருநைக்கரை:

2019 தீபாவளிக்கு எனக்குன்னு வாங்கின போன். மூணு வருஷம் ஓட்டிட்டு, புதுசு எடுத்ததும் அப்பாகிட்ட கொடுத்துட்டேன். அவருக்கு 68 வயசு. கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் ஏறிடுச்சான்னு பார்ப்பார், பால்காரருக்கும் மருந்துக்கடைக்கும் ஜிபே போடுவார், மிச்ச நேரம் பூரா யூடியூபில் பழைய பாட்டு. இத்தனை வருஷத்துல ஒரு கீறல் இல்லை. முப்பது வருஷம் கேஷ் பையைக் கட்டிக் காத்த கை.

போன வாரம் பேங்க் ஆப், இந்த ஆண்ட்ராய்டில் இனி ரொம்ப நாள் ஓடாதுன்னு சொல்லுது. சரி, அப்டேட் பண்ணுவோம்னு செட்டிங்ஸ் போனா, "சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது"ன்னு பச்சை டிக். இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தா ஆண்ட்ராய்டு 9, செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற அப்டேட்) செப்டம்பர் 2021. அன்னைக்குக் கடையில "10 கண்டிப்பா வரும் மேடம்"னு சொன்னாங்க. வரவே இல்லை.

நாலு வருஷமா பேட்ச் வராத போன்ல பென்ஷன் கணக்கு இருக்கலாமா? தம்பி கஸ்டம் ராம், அதான் கம்பெனி தராத வேற ஆண்ட்ராய்டு, போட்டுத் தரேங்கிறான். அப்பாவோ "ஓடுற வண்டியை எதுக்கு டிப்போவுல விடணும்?"ங்கிறார். யார் பேச்சைக் கேக்க?

காந்திபுரம் சர்வீஸ்:

பதினோரு வருஷமா ரிப்பேர் கடை வச்சிருக்கேனுங்க. அந்தப் பச்சை டிக்குக்கு அர்த்தம் "கம்பெனி அனுப்பினதெல்லாம் வந்துருச்சு", அவ்வளவுதான். கம்பெனி அனுப்பறதை நிறுத்திட்டா டிக் அப்படியேதான் நிக்கும்.

2015-ல ஆண்ட்ராய்டுல ஸ்டேஜ்ஃபிரைட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்துச்சு. போனுக்குள்ள திருடன் புக ஒரு எம்.எம்.எஸ். வந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம்னாங்க. அதுக்கப்புறம் அதே வருஷம் ஆகஸ்ட்லதான் கூகுள் மாசாமாசம் பேட்ச் விட ஆரம்பிச்சுது. ஆனா கூகுள் விட்டது நேரா உங்க போனுக்கு வராதுங்க. குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் கம்பெனிக்காரன் தன் டிரைவரை (சிப்பை இயக்கற மென்பொருள்) சரிபண்ணணும், அப்புறம் போன் கம்பெனி ஒவ்வொரு மாடலுக்கும் சோதிச்சு அனுப்பணும். எட்டாயிரம் ரூபாய் போனுக்கு அந்தச் செலவை எத்தனை வருஷம் செய்வான்? 2017-ல ட்ரெபிள்னு ஒரு ஏற்பாடு வந்து வேலை கொஞ்சம் லேசாச்சு. 2019-ல ஆண்ட்ராய்டு 10 கூட வந்த மெயின்லைன்ல, சில பாகங்களைக் கம்பெனிக்குக் காத்திருக்காம ப்ளே ஸ்டோர் வழியாவே கூகுள் மாத்த முடியுது. உங்க அப்பா போன் 9. ஒரே ஒரு படி கீழே நின்னுபோச்சு.

இன்னொண்ணு. எந்த ஓட்டையை அடைச்சோம்னு கூகுள் மாசாமாசம் பட்டியல் போடுது. அடைச்சவனுக்கு அது நிம்மதி. அடைக்காதவன் வீட்டுக்கு அதுவே வழி சொல்ற மாதிரி.

குரோமும் 138-ஆம் பதிப்புதான் ஆண்ட்ராய்டு 9-க்குக் கடைசி. 139-லிருந்து ஆண்ட்ராய்டு 10 வேணும். ஆப்புக்குள்ள திறக்கிற வெப் பக்கமெல்லாம் அந்த போன்ல குரோமை வச்சுத்தான் ஓடுது. பிரவுஸ் பண்ண மட்டும் ஃபயர்பாக்ஸ் போட்டுக்குங்க, அது 9-க்கு இன்னும் அப்டேட் தருது.

கஸ்டம் ராம் வேண்டாமுங்க. அதுக்கு பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகறப்ப சிஸ்டத்தை ஏத்தற பூட்டை, திறக்கணும். திறந்தாலே பாதி பேங்க் ஆப் முகத்தைத் திருப்பிக்கும். தம்பி பொழுதுபோக்குக்குச் செய்யட்டும், அப்பா போன்ல வேண்டாம்.

பழையதே_போதும்:

இப்படியேதான் எல்லாரையும் பயமுறுத்துறீங்க. நான் ஆண்ட்ராய்டு 8 ஆறு வருஷமா வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை. காசு போனவங்களைக் கேட்டுப் பாருங்க. எல்லாம் வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு வந்த ஏ.பி.கே.யை (ப்ளே ஸ்டோருக்கு வெளியே வர்ற ஆப் ஃபைல்) தட்டினவங்க, ட்ராஃபிக் சலான்னு வந்ததைத் தட்டினவங்க. அதுல பலரும் புது போன்காரங்க.

காந்திபுரம் சர்வீஸ்:

இதுல பாதிக்கு மேல ஒத்துக்கறேன். போன மாசம் கடைக்கு வந்த ஒருத்தர் போன் லேட்டஸ்ட் பேட்ச்தான். பத்திரிகை ஆப்னு நினைச்சு இன்ஸ்டால் பண்ணி, எஸ்.எம்.எஸ். அனுமதியையும் கொடுத்துட்டார். ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கே போயிருச்சு. எந்த பேட்ச்சும் அதைத் தடுக்காது. ஆனா "எனக்கு ஒண்ணும் ஆகலை"ங்கறதை நம்பி அடுத்தவங்க பென்ஷனை வைக்க முடியாதுங்க.

அக்கா, இன்னைக்கே ஒண்ணு செய்யுங்க. செட்டிங்ஸ்ல "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்"னு தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூணுக்கும் ஆஃப் பண்ணிடுங்க. ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியா இருக்கு.

மல்லி வீட்டு ஐபேட்:

எங்க வீட்ல 2013 ஐபேட் ஏர் இருக்கு. ஐஓஎஸ் 12-லயே நின்னுபோச்சு. ஆனா 2023 ஜனவரியிலகூட 12.5.7-ன்னு செக்யூரிட்டி அப்டேட் வந்துச்சு, ஒன்பது வருஷம் கழிச்சு! இப்ப பாதி ஆப் இறங்க மாட்டேங்குது. பேரன் படம் வரையறான், அவ்வளவுதான்.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மூணையும் ஆஃப் பண்ணிட்டேன். ஃபைல் மேனேஜர் ஏற்கெனவே ஆன்ல இருந்துச்சு, யார் போட்டதுன்னு தெரியலை. தம்பி மேல சந்தேகம்.

அப்பாகிட்ட "இது பாட்டு கேக்க, பணத்துக்கு வேற போன்"னு சொன்னேன். "ரெண்டு பையா? சில்லறைக்கு ஒண்ணு, நோட்டுக்கு ஒண்ணு, அப்படித்தானே"ன்னு உடனே பிடிச்சுக்கிட்டார். புதுசு எது வாங்க? பதினஞ்சாயிரத்துக்கு மேல போக மாட்டார்.

காந்திபுரம் சர்வீஸ்:

கேமராவை விடுங்க, எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்னு முதல்ல கேளுங்க. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 ஏழு வருஷம்னாங்க, அது நம்ம விலை இல்லை. கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம் சொல்லியிருக்காங்க, உங்க விலையை ஒட்டி வருதான்னு பாருங்க. பொதுவா வருஷக் கணக்கு மாடல் வெளிவந்த நாள்லருந்து ஓடும், நீங்க வாங்கின நாள்லருந்து இல்லை. ஆஃபர்ல கிடைக்கிற ரெண்டு வருஷப் பழைய மாடல்ல ரெண்டு வருஷம் ஏற்கெனவே கரைஞ்சிருக்கும். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20-லிருந்து புது விதி: ஒரு மாடல் விற்பனை நின்ன பிறகும் அஞ்சு வருஷம் அப்டேட் கொடுக்கணும். அதைப் படிச்சப்ப பொறாமையா இருந்துச்சு.

சிம்மைப் புதுசுக்கு மாத்தி, அதுல ஜிபே ஓடறதைப் பார்த்துட்டு, பழசுல பேங்க் ஆப்பை எடுத்துட்டு ரீசெட் போடுங்க. ரீசெட்டுக்கு முன்னாடி கூகுள் கணக்கை செட்டிங்ஸ்ல நீக்கணும். அதை விட்டுட்டு, அணைச்ச போன்ல பட்டனை அழுத்தினா வர்ற ரெக்கவரி மெனு வழியாப் போட்டீங்கன்னா பழைய கணக்கைக் கேட்டு நின்னுடும்.

பொருநைக்கரை:

அதுல இருக்கிற கணக்கு என்னோட காலேஜ் கால ஜிமெயில். பாஸ்வேர்டு சத்தியமா ஞாபகம் இல்லை. ஞாயித்துக்கிழமை உக்காந்து முதல்ல அதைத் தேடணும்.