கீறல் புள்ளி பெருவட்டத்தில் உட்காரவில்லை, எங்கே தவறு?

மண்டபம் மாணவன்:
வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்குவாரியில் மூன்று நாள் வெயிலில் நின்று 22 ஃபால்ட் தளங்களையும் (பாறை உடைந்து நகர்ந்த முகங்கள்), நகர்ந்தபோது அவற்றில் விழுந்த கீறல்களையும் அளந்து வந்தேன். ஊரில் மணலும் பவளக்கல்லும்தான், மறுபடி அளக்க வழியில்லை. முதல் வரி: தளம் 130/60 (திசை/சாய்வு, டிகிரியில்), அதன் மேல் கீறல் 056/26. தளங்களையும் கீறல்களையும் வட்டப் படமாகக் காட்டும் ஸ்டீரியோநெட் மென்பொருளில் போட்டால், கீறல் புள்ளி தளத்தின் வட்டக்கோட்டை (பெருவட்டம்) விட்டு எங்கோ விழுகிறது. கையால் தடவிப் பார்த்த கீறல், அந்தப் பாறை முகத்தில்தானே இருந்தது!

தொண்டிக்காரன்:
130 சாய்வுத் திசைதானே? ஸ்ட்ரைக் (தளத்தின் கிடைக்கோடு ஓடும் திசை) கட்டத்தில் அதைப் போட்டிருப்பீர்கள். வலக்கை விதிப்படி (சாய்வு ஸ்ட்ரைக்குக்கு வலப்பக்கம்) 90 கழித்து 040 கொடுங்கள்.

கீழக்கரை:
ஆமாம் தம்பி, அதேதான். ஒரு தடவை கண்ணாலும் பார்த்துவிடுங்கள். சிரட்டையை வாய் மேலே இருக்க வையுங்கள், அதுதான் கீழ் அரைக்கோளம். அரைவட்டமாக வெட்டிய அட்டையை உள்ளே சாய்த்து வைத்தால், அதன் விளிம்பு சிரட்டையைத் தொடும் கோடு பெருவட்டம். மையத்திலிருந்து அட்டையில் எந்தக் கீறல் போட்டாலும் அந்த விளிம்பில்தான் போய் முட்டும்.

உங்கள் அளவு அருமையாக இருக்கிறது. ஸ்ட்ரைக் 040, டிப் (சாய்வு) 60; வடகிழக்கு முனையிலிருந்து ரேக் (தளத்தின் மேலேயே கிடைக்கோட்டுக்கும் கீறலுக்கும் உள்ள கோணம்) 30 என்று வைத்தால் சைன் 30 × சைன் 60 = 0.433, அதாவது பிளஞ்ச் (கீறல் கீழே இறங்கும் கோணம்) 26. ட்ரெண்டு (கீறல் இறங்கும் திசை) ஸ்ட்ரைக்கிலிருந்து 16 தள்ளி 056. நோட்டில் இருப்பதேதான்!

மண்டபம் மாணவன்:
19 உட்கார்ந்துவிட்டன அண்ணே! மூன்று மட்டும் 5, 6 டிகிரி விலகி நிற்கின்றன. அவற்றில் தளம், கீறல் இரண்டுமே தரைக்கு ஏறக்குறைய செங்குத்து. இழுத்துக் கோட்டில் வைக்கலாமா?

கீழக்கரை:
அவசரப்படாதீர்கள். செங்குத்தாக இறங்கும் கீறலுக்கு காம்பஸில் ட்ரெண்டு பிடிபடாது, 15, 20 டிகிரி சுலபமாகத் தவறும். முகத்துக்கு நேர் எதிரே நின்று எடுத்த போட்டோ இருந்தால், கிடைக்கோட்டிலிருந்து பாகைமானி வைத்து ரேக்கை அளந்து அதைக் கொடுங்கள். அடுத்த முறை பாறையிலேயே ரேக் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், பாறை நகர்ந்த திசையைக் காட்டும் அம்புக்குறி. தடவினேன் என்றீர்களே, எந்தப் பக்கம் கை வழுக்கியது? கனிமப் படிகளில் தட்டாமல் கை போகும் திசைதான், உடைந்து போன எதிர்ப்பாறை நகர்ந்த திசை. போனது மேல்பாறை (சாய்ந்த தளத்துக்கு மேலே இருந்தது) என்றால், கீழ்நோக்கி வழுக்கினால் அம்பு வட்டத்துக்கு வெளியே பார்க்கும், மேல்நோக்கி என்றால் மையத்தை.

மண்டபம் மாணவன்:
17 தளங்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன் அண்ணே. மீதி ஐந்துக்கு அம்பு போடாமல் புள்ளி மட்டும் வைக்கிறேன்.