இன்சுலின் சிரிஞ்ச் மாறிவிட்டது, என்ன செய்வது?

நைட்டூட்டி நர்ஸ் (காலை 9.40):
தனியார் மருத்துவமனை, ஜெனரல் வார்டு, எனக்கு மூன்றாவது வருடம். நேற்று நைட்டில் 22 பேஷண்டுக்கு நாங்கள் இரண்டு பேர். பதினோராம் பெட் தாத்தாவுக்கு இரவு 9 மணிக்கு கிளார்ஜின் என்ற இன்சுலின் 14 யூனிட். மருந்துக் குப்பியை அவர் மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். டிராலியில் இருந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் 14 கோடு வரை இழுத்துப் போட்டேன்.

விடியற்காலை 4 மணிக்கு மகள் ஓடிவந்தார். தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, தாத்தாவுக்கு வாய் குழறியது. சுகர் 41தான், ரொம்பக் குறைவு. டூட்டி டாக்டர் சொன்னபடி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) 100 மில்லி ஏற்றினோம். கால் மணி நேரத்தில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் குப்பியைத் திருப்பிப் பார்த்தால், மில்லிக்கு 100 யூனிட். எங்கள் வார்டு ஸ்டாக் எல்லாம் மில்லிக்கு 40, சிவப்பு மூடி சிரிஞ்சும் அதற்கானதுதான். அதில் 14 கோடு என்றால் 0.35 மில்லி. அப்படியானால் உள்ளே போனது 35 யூனிட்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். "பேஷண்ட்தான் தேறிவிட்டாரே, ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதிவிடு" என்றார். தாத்தா கஞ்சியை முழுசாகக் குடித்தார், காலி டம்ளரை வாங்கி வைத்ததே நான்தான். எதுவும் எழுதாமல் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். இன்சிடென்ட் ரிப்போர்ட் கொடுத்தால் வேலை போய்விடுமா?

பழைய வார்டு சிஸ்டர்:
ரிப்போர்ட் அப்புறம், தங்கச்சி. முதலில் வார்டுக்குப் போன் போட்டு டாக்டரிடம் சொல்லும்மா. கிளார்ஜின் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். டெக்ஸ்ட்ரோஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். 35 போனது தெரியாவிட்டால் மத்தியானம் அவர் அசந்து கிடந்தாலும் தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். ராத்திரி டோஸையும் அப்படியே போட்டுவிடுவார்கள். உடனே கூப்பிடு.

ஐ.சி.யு. பிரதர்:
அக்கா சொன்னதுதான் சரி. கேஸ் ஷீட்டில் நடக்காததை எழுதாதீர்கள் சிஸ்டர், அது தவறைவிடப் பெரிய தவறு. ரிப்போர்ட்டில் மணி, குப்பியில் இருந்த அளவு, சிரிஞ்ச், போட்ட யூனிட், சுகர், கொடுத்த சிகிச்சை எல்லாம் இருக்கட்டும். 22 பேருக்கு இரண்டு பேர் என்பதையும் எழுதுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது மருத்துவமனையில் ஐந்து பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் வேண்டும், லீவில் போகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதலாக.

எங்கள் யூனிட்டில் வீட்டுக் குப்பி வந்தால் 100 யூனிட் குப்பிக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் சேர்த்து ஒரே கவரில் போட்டு பேஷண்ட் பெயர் ஒட்டிவிடுவோம். போடும்முன் இன்னொருவர் குப்பியையும் சிரிஞ்சில் இழுத்த அளவையும் பார்த்தே ஆகவேண்டும். வேலை போகுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் அந்த டிராலியில் அதே சிவப்பு மூடிதான் நாளைக்கும் இருக்கும்.

நைட்டூட்டி நர்ஸ் (இரவு 7.15):
அக்கா, படித்தவுடனே கூப்பிட்டேன். டாக்டர் திட்டவில்லை, "எத்தனை மணிக்குப் போட்டாய்?" என்று மட்டும் கேட்டார். 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் போட்டு, மணிக்கு ஒருமுறை சுகர் பார்க்கச் சொன்னார். பதினொன்றரைக்கு மறுபடி 58. தாத்தா தூங்கிக்கொண்டுதான் இருந்தாராம்.

நாலு மணிக்கு நேரில் போய் ரிப்போர்ட் கொடுத்தேன், 22க்கு இரண்டு என்பதையும் சேர்த்து. மகளிடம் டாக்டரே சொன்னார், நானும் பக்கத்தில் நின்றேன். மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தக் குப்பியை என்னிடம் நீட்டி, எந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.