ஆன்டெனாவில் வரும் துணைச் சேனல்களில் வானிலை ஒளிபரப்பு ஏன் அருகிவிட்டது?

நார்மன்வாசி:
வணக்கம். ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். அண்மையில் கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு ஆன்டெனா பொருத்தியிருக்கிறேன். செலவு மட்டுமே அதற்குக் காரணமன்று. சென்ற வசந்தத்தில் டொர்னேடோ எச்சரிக்கைச் சங்கு ஒலித்த இரவில் கேபிளும் இணையமும் ஒருசேர நின்றுபோயின. சுழல் எங்கள் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியாமல், இரண்டு குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு நாற்பது நிமிடங்கள் குளியலறையில் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது 9.1இல் முதன்மைச் சேனல் வருகிறது, அதன் துணைச் சேனலான 9.2இல் அதே நிலையத்தின் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மற்ற நிலையங்களின் துணைச் சேனல்களில் பெரும்பாலும் பழைய தொடர்களே ஓடுகின்றன. முன்பு பல ஊர்களில் நாள் முழுவதும் ரேடார் படம் காட்டும் துணைச் சேனல்கள் இருந்தன என்று அலுவலக நண்பர் சொல்கிறார். அவை ஏன் மறைந்தன? புயல் நேரத்தில் நான் எந்த எண்ணை நம்புவது?

அலைவரிசையாளர்:
நண்பர் சொன்னது உண்மை. ஒரு நிலையத்துக்கு ஒதுக்கப்படும் 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு ஏறத்தாழ 19.39 மெகாபிட் அளவுக்குத் தரவை அனுப்பலாம். முதன்மைச் சேனலின் உயர்தரப் படத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சும் இடத்தில்தான் துணைச் சேனல்கள் பிழைக்கின்றன. ரேடார் படமும் வெப்பநிலை அட்டவணையும் அதிகம் அசையாதவை என்பதால் மிகக் குறைந்த இடத்திலேயே அவற்றை ஓட்டிவிடலாம். அதனால்தான் டிஜிட்டல் ஒளிபரப்பின் தொடக்க ஆண்டுகளில் பல நிலையங்கள் மிஞ்சிய இடத்தை வானிலைக்குக் கொடுத்தன.

அவற்றுள் பெரியது, தேசியத் தொலைக்காட்சி வலையமைப்பான என்பிசியும் அதன் இணைப்பு நிலையங்களும் 2004 நவம்பரில் தொடங்கிய வெதர் பிளஸ். தேசிய வானிலைக்கு நடுவே அந்தந்த ஊரின் நிலவரத்தையும் காட்டிய நல்ல ஏற்பாடு அது. 2008இல் என்பிசி யுனிவர்சல் இரண்டு முதலீட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து, கேபிளில் வரும் வானிலைச் சேனலான வெதர் சேனலை வாங்கியது. அந்த ஆண்டு முடிவோடு வெதர் பிளஸ் நிறுத்தப்பட்டது. 2009 ஜூன் 12இல் முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பும் முடிவுக்கு வந்தபின், பழைய தொடர்களை வழங்கும் மீடிவி, ஆன்டெனா டிவி போன்றவை அந்த இடத்துக்கு வந்தன. நிகழ்ச்சியும் விளம்பர வருவாயில் பங்கும் வெளியிலிருந்தே கிடைக்கும்போது, சொந்த ஆட்களை வைத்து வானிலை நடத்த நிலைய முதலாளிகளுக்கு மனம் வரவில்லை. ரேடார் இன்று கைப்பேசியிலேயே இருப்பதால், இதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை.

கேபிள் விவகாரம்:
விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்தின் முதன்மை ஒளிபரப்பை மட்டும் கேபிள் நிறுவனங்கள் கட்டாயம் எடுத்துச் சென்றால் போதும், துணைச் சேனல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2005இல் முடிவு செய்தது. அன்று கேபிளில் வராத சேனலைப் பெரும்பாலான வீடுகள் பார்க்கவில்லை. பார்வையாளர் இல்லாத இடத்துக்கு விளம்பரமும் வராது. மேலும் 2017இல் முடிந்த ஏலத்தில் தொலைக்காட்சிக்குரிய 84 மெகாஹெர்ட்ஸ் விடுவிக்கப்பட்டு, அதில் 70 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிச் சேவைக்குப் போனது. அதன்பின் சில ஊர்களில் இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள, மிஞ்சும் இடம் இன்னும் சுருங்கிற்று.

மூர் பக்கத்து வீடு:
கைப்பேசி போதும் என்று அலைவரிசையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது கைப்பேசி வலையமைப்பு திணறும். மின்சாரம் போனால் சில கோபுரங்களும் ஓய்ந்துவிடும். 2013 மே 20இல் மூர் நகரில் 24 பேர் இறந்த டொர்னேடோவுக்குப் பின் இங்கே வாழ்பவர்கள் எவரும் ஒரே வழியை நம்பி இருக்கமாட்டார்கள். நார்மன்வாசி, உங்கள் குளியலறை இரவைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

எச்சரிக்கை வந்தால் 9.2ஐ அல்ல, முதன்மைச் சேனல்களான 4.1, 5.1, 9.1 ஆகியவற்றையே முதலில் பாருங்கள். இந்த ஊரில் மூன்று நிலையங்களும் மற்ற நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் நேரலை தருபவை. துணைச் சேனலின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது: இப்படிப்பட்ட நேரங்களில் தேசிய வலையமைப்பின் விளையாட்டுப் போட்டியையோ தொடரையோ துணைச் சேனலுக்கு மாற்றிவிட்டு முதன்மைச் சேனலை வானிலைக்கே விட்டுவைக்க முடிகிறது. நாள் முழுவதும் யாரும் பார்க்காத ரேடார் படத்தைவிட, ஆபத்தான இரண்டு மணி நேரத்தில் ஆய்வாளர் ஒருவர் தெருப்பெயர் சொல்லி எச்சரிப்பது மேல் என்பது என் கருத்து. அவசர எச்சரிக்கை அறிவிப்பைத் துணைச் சேனல்கள் உட்பட எல்லாவற்றிலும் காட்டும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதும் விதி.

இன்னொன்று: திரையில் 5.1 என்று தெரியும் நிலையம் உண்மையில் விஎச்எஃப் எனப்படும் தாழ்ந்த அதிர்வெண் பகுதியில், 7ஆம் சேனலில் ஒளிபரப்பாகிறது. அதைவிட உயர்ந்த அதிர்வெண் பகுதியான யூஎச்எஃப்புக்கென்றே செய்த தட்டை ஆன்டெனாவில் அது தடுமாறலாம். பேட்டரியில் ஓடும் சிறிய தொலைக்காட்சி ஒன்றும், 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் வானிலை வானொலி ஒன்றும் குளியலறைக்கு அருகிலேயே இருக்கட்டும்.

நார்மன்வாசி:
மூவருக்கும் நன்றி. என் ஆன்டெனா நீங்கள் சொன்ன தட்டை வகைதான், 5.1 விட்டுவிட்டு வந்ததன் காரணம் இப்போது புரிகிறது. விஎச்எஃப்பையும் எடுக்கும் ஆன்டெனாவுக்கு மாறி, சேனல்களை மறுபடி தேடவைத்தபின் மூன்று நிலையங்களும் தடங்கலின்றி வருகின்றன. வானொலியை இந்த வார இறுதியில் வாங்குகிறேன்.