சாயங்காலம் 6 மணிக்கு மேல் கொல்லைக் கதவு சென்சார் பேனலுக்குக் கேட்பதில்லை

கும்பகோணத்து மகள்:

அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில். போன ஐப்பசியில் வயர் இல்லாத அலாரம் செட் ஒன்று வாங்கி மாட்டினோம். வாசல், மாடிப்படி, கொல்லை மூன்று கதவுக்கும் காந்த சென்சார், கூடத்தில் பேனல். கதவைத் திறந்தால் பகலில் மணிச் சத்தம், ராத்திரி ஆன் செய்துவிட்டால் சைரன்.

காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் கொல்லைக் கதவைப் பத்துத் தடவை திறந்தால் எட்டுத் தடவை பேனல் வாயே திறப்பதில்லை. சென்சாரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, ஆக அது அனுப்பத்தான் செய்கிறது. 9 மணிக்கு மேல் பழையபடி சரியாகிவிடுகிறது. வாசல் கதவு மட்டும் எந்நேரமும் பிசகுவதில்லை.

மாட்டிக் கொடுத்தவர் இரண்டு முறை பேட்டரி மாற்றினார், அப்புறம் சென்சாரையே மாற்றினார். கடைசியில் பக்கத்து வீட்டு வைஃபைதான் காரணம் என்றார். நான் போய்க் கேட்டதும் அந்த மாமா மூன்று நாள் சாயங்காலம் ரவுட்டரை அணைத்தே வைத்தார். ஒன்றும் மாறவில்லை.

கொல்லைக்கு அப்பால் வாழைத் தோட்டம். யாராவது வந்தால் அந்த வழியாகத்தான் வருவார்கள். "இதை நம்பி என்னடி பிரயோஜனம்" என்று அம்மா இப்போது ஆன் செய்வதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய கவலை. வாசல் கேமராவின் படமும் ராத்திரியில் அடிக்கடி நின்று நின்று வருகிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா?

சிற்றலை:

சென்சாரின் முதுகில் 433 அல்லது 433.92 என்று போட்டிருக்கிறதா, பாருங்கள் சகோதரி. அது சென்சார் பேசும் ரேடியோ அலைவரிசை, மெகாஹெர்ட்ஸ் கணக்கில். அப்படியென்றால் பக்கத்து வீட்டு வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வைஃபை 2400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது.

இந்த மாதிரி விலை குறைந்த சென்சார்களுக்கு வாய் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. கதவு திறந்ததும் தன் எண்ணைச் சில தடவை கத்திவிட்டுத் தூங்கிப்போகும். பேனல் கேட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் இவ்வளவு நாளும் கத்துகிறவனை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். கேட்கிறவன் காதுக்குப் பக்கத்தில் யார் இரைகிறார்கள் என்று பாருங்கள். வாசல் சென்சார் பேனலுக்குக் கிட்டே இருந்தால், அதன் குரல் இரைச்சலையும் மீறிக் கேட்டுவிடும். கொல்லையிலிருந்து இரண்டு தடிச் சுவர் தாண்டி வருவது மெலிந்துதான் வரும். அதனால்தான் அது மட்டும் அடிபடுகிறது.

ஒரு சாயங்காலம் இதைச் செய்யுங்கள். பேனலின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு உள்பேட்டரியில் ஓட விடுங்கள். மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும், பலர் இதை மறந்துவிட்டு "மெயினை அணைத்தும் சரியாகவில்லை" என்பார்கள். கொல்லைக் கதவைப் பத்துத் தடவை திறந்து எண்ணுங்கள். சரியாக வந்தால் வில்லன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு முறையும் பத்து எண்ணுங்கள். ஒரே ஒரு தடவை திறந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எல்ஈடி விளக்குகளின் அடாப்டர், மொபைல் சார்ஜர் இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே ரேடியோ இரைச்சலை வடிகட்டும் பாகங்களைக் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள்.

திருச்சி கேமராக்காரன்:

கேமரா விஷயம் தனி, அக்கா. அதைப் போட்டு இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரவுட்டர் இரும்பு பீரோ மேல் இருக்கிறதா? முதலில் அங்கிருந்து இறக்குங்கள். ரவுட்டர் செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைச் சேனல் 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் நிலையாக வையுங்கள், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். முடிந்தால் கேமராவுக்கு நெட்வொர்க் கேபிளே இழுத்துவிடுங்கள்.

கொல்லைக் கதவுக்கும் நான் வயர்தான் சொல்வேன். பல பேனல்களில் வயர் சென்சார் மாட்ட இடம் இருக்கும். ஆபத்து வரக்கூடிய கதவைக் காற்றில் விடக் கூடாது.

கும்பகோணத்து மகள்:

சனிக்கிழமை ஊருக்கு வந்து செய்தேன். சென்சாரில் 433.92 என்றுதான் போட்டிருக்கிறது.

மெயின், இன்வெர்ட்டர் இரண்டும் அணைத்ததும் பத்துக்குப் பத்து! அம்மா கூடத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார், நான் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். மின்விசிறி, ஃபிரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டோம். ஒன்பது, பத்து என்றே வந்தது. இரவு ஏழாகிவிட்டது. "விளக்கு வைக்கிற நேரமே தாண்டிப்போச்சு, நான் ஏத்திட்டு வரேன்" என்று அம்மா எழுந்து போனார். அடுத்த சுற்றில் பத்துக்கு இரண்டு.

சாமி அலமாரியில் முருகன் படத்தைச் சுற்றி எல்ஈடி சரம் ஒன்று இருக்கிறது. அகல் ஏற்றும்போது அதையும் போடுவார், படுக்கப் போகும் முன் அணைப்பார். அதன் அடாப்டருக்கும் பேனலுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அணைத்தேன், பத்து. போட்டேன், மூன்று. நான்கு முறை செய்து பார்த்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சரம் அப்பா வாங்கி அவர் கையால் கட்டியது. அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

சிற்றலை:

எடுக்க வேண்டாம். பேனலை நகர்த்துங்கள். ஒரு முழம் என்பதை எட்டு அடி, பத்து அடி ஆக்கினாலே இரைச்சல் வெகுவாக அடங்கிவிடும். எதிர்ச் சுவரில், கொல்லைப் பக்கமாக வைத்தால் இரட்டை லாபம். ஆன்டெனா நேராக நிற்கட்டும், கம்பி ஜன்னலுக்கும் பீரோவுக்கும் ஒட்டி வேண்டாம். சரத்தின் அடாப்டர் வயரில், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) உருளை, கவ்விக்கொள்ளும் வகை ஒன்று மாட்டுங்கள், வயரை அதற்குள் இரண்டு சுற்று சுற்றி. பிறகு அடாப்டரை மட்டும் நல்லதாக மாற்றலாம், சரம் அப்படியே இருக்கும். வோல்டேஜ் பார்த்து வாங்குங்கள். மேலே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், அந்தப் பதிவு மின்பாதுகாப்புக்கானது, ரேடியோ இரைச்சலுக்கானது அல்ல.

கும்பகோணத்து மகள்:

ஃபெரைட் மட்டும் போட்டபோது பத்துக்கு ஆறு. இன்று காலை எலக்ட்ரீஷியன் பேனலைக் கூடத்தின் எதிர்ச் சுவருக்கு மாற்றிக் கொடுத்தார். சாயங்காலம் சரம் எரிய எரிய, முப்பது தடவை திறந்து பார்த்தோம். முப்பதும் கேட்டது. பக்கத்து வீட்டு மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ரவுட்டரையும் பீரோ மேலிருந்து இறக்கிவிட்டேன், கேமராவை இன்னும் இரண்டு ராத்திரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நேற்று வரை தொடாமல் இருந்த அம்மா, இன்று படுக்கப் போகும்போது தானே ரிமோட்டை எடுத்து அழுத்தினார்.

கொல்லைக் கதவுக்கு வயரும் இழுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வழியில் முற்றம் வருகிறது, மழை நேராக விழும் இடம். எப்படிக் கொண்டு போவது தம்பி?

திருச்சி கேமராக்காரன்:

முற்றத்தைக் குறுக்கே தாண்டாதீர்கள், அக்கா. தாழ்வாரத்து உத்திரத்தின் அடிப்பக்கமாகச் சுற்றி, பிவிசி பைப்புக்குள் கொண்டு போங்கள். கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போட வேண்டாம். வழியில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே வயராக இருக்கட்டும்.

வயர் வரும் வரை வாரம் ஒரு தடவை, விளக்கு ஏற்றிய பிறகு, அம்மாவைக் கொல்லைக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.