சிலாவோஸிலிருந்து லா நுவெல்: ஒரே நாளில் முடியுமா?

ஜூலையில் ரீயூனியன் தீவில் நடைபயணம். சிலாவோஸ் ஊரிலிருந்து தாயிபி கணவாய் ஏறி, மார்லா என்ற சிற்றூர் வழியாக லா நுவெல் சிற்றூரில் உள்ள குடிலில் இரவு தங்கத் திட்டம். அம்மாவும் வருகிறார், சைவம். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

பதில் 1:
முடியும். இலெ-தா-கோர்த் சாலையோரத் தொடக்கத்துக்குக் காலை 6:30-க்கே போய்விடுங்கள். கணவாய் 2,081 மீட்டர். ஏற்றம் 800 மீட்டருக்கு மேல், இரண்டரை மணி நேரம். பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. மார்லாவுக்கு இறக்கம் ஒரு மணி, அங்கிருந்து லா நுவெல் இரண்டு மணி.

பதில் 2:
ஏற்றத்தைவிட இறக்கம்தான் வில்லங்கம். மரக்கட்டைப் படிகள் ஈரத்தில் வழுக்கும். படிக்குப் படி உயரமும் வேறு. அம்மாவுக்கு இரண்டு ஊன்றுகோல் கட்டாயம், இறங்கும்போது கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை-சிவப்புக் கோடு இருந்தால் சரியான வழி. அதே நிறத்தில் பெருக்கல் குறி இருந்தால் திரும்பிவிடுங்கள். முந்தைய இரவு கனமழை என்றால் ஓடையைக் கடக்கவே வேண்டாம்.

பதில் 3:
சைவம் என்பதை முன்பதிவின்போதே சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு அல்ல. மார்லாவும் லா நுவெலும் இருக்கும் மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது, சரக்கெல்லாம் ஹெலிகாப்டரில்தான் வருகிறது. சொல்லாவிட்டால் கோழிக் கறியோ சாஸேஜ் ருகாயோதான் (தக்காளி சேர்த்த சாஸேஜ் குழம்பு) தட்டில் விழும். பருப்பில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஜூலை அங்கே குளிர்காலம், இரவில் கம்பளிச் சட்டை இல்லாமல் முடியாது.

கேட்டவர்:
நன்றி. மார்லாவிலேயே தங்கிவிட்டால்?

பதில் 2:
அம்மாவுக்கு அதுவே நல்லது. முதலில் இடம் இருக்கா பாருங்க.